கொடையும் உடைமையும்: வட இந்தியாவின் உடன்பிறந்தார் பண்டிகைகள் பற்றிய சில குறிப்புகள்

சிராவண மாதத்துப் பூரணையன்று, அதாவது எமது வழக்கில் ஆவணி அவிட்டத்தை ஒட்டிவரும் பூரணையன்று, வட இந்தியப் பெண் தன் உடன்பிறந்தானின் வலது மணிக்கட்டில் ஒரு நூலைக் கட்டுகின்றாள். நெற்றியில் திலகமிட்டு, விளக்கேற்றி ஆலத்தி எடுத்து, இனிப்பு ஊட்டுகின்றாள். அவன் அவளுக்குப் பணமோ சேலையோ அணிகலனோ கொடுக்கின்றான். இதுவே இரட்சாபந்தனம், மக்கள் வழக்கில் ராக்கி. தீபாவளி அமாவாசையின் பின்வரும் இரண்டாம் பிறையில் இவ்வுறவே மீண்டும் கொண்டாடப்படுகின்றது. இந்தி வழங்கும் பகுதிகளில் அது பாய் தூஜ் எனப்படும். மகாராஷ்டிரத்தில் பாவ் பீஜ், வங்காளத்தில் பாய் போன்ட்டா, நேபாளத்தில் பாய் டீகா எனப் பெயர் வேறுபடும்.

இப்பண்டிகைகள் உடன்பிறந்தார் பாசத்தின் வெளிப்பாடு என்பதை எவரும் மறுக்கார். ஆயின் அப்பாசம் எல்லாச் சமூகங்களிலும் உண்டு. அது ஒரு சமூகத்தில் மாத்திரம் குறித்த நாளில், குறித்த திசையில், பொருள் கைமாறும் சடங்காக உருப்பெறுவது ஏன் என்பதே சமூகவியலாளன் எழுப்பவேண்டிய வினாவாகும். சகோதரனின் பரிசு, சகோதரிக்கு மறுக்கப்பட்ட நிலப்பங்கு இருந்திருக்கவேண்டிய இடத்திலேயே நிற்கின்றது என்பது எமது கருத்து. அவ்வாறு கூறுவதால் இப்பண்டிகை வெறும் ஏமாற்று என்று நாம் கொள்ளவில்லை. அதனை விடாது பேணிவருவோர் பெரும்பாலும் பெண்களே. அதற்கு அவர்களிடம் தக்க காரணம் உண்டு.

முதலில் நூலின் வரலாற்றை நோக்குவோம். பவிஷ்ய புராணத்திலே இந்திரனுக்குக் காப்புநூல் கட்டப்பட்ட கதை வருகின்றது. அங்கு சகோதரி இல்லை. இவ்விழாவைப் பற்றிப் பேசும் பழைய நூல்கள் புரோகிதன் அரசனுக்குக் கட்டும் காப்பையே முதன்மைப்படுத்துகின்றன. எம்மிடையே திருவிழாத் தொடங்குமுன் கையில் காப்புக் கட்டுவது போன்ற ஒன்றாக அதனைக் கொள்ளலாம். சகோதரி இக்காட்சியில் எப்பொழுது நுழைந்தாள்? இதற்கு விடைதேட உதவுவது புராணமன்று. ஒரு கிராம ஆய்வு.

அமெரிக்க மானிடவியலாளர் மக்கிம் மரியற் உத்தரப் பிரதேசத்தின் அலிகார் மாவட்டத்தில் தாம் ஆராய்ந்த கிராமத்துக்குக் 'கிஷன் கடி' என்ற புனைபெயரைச் சூட்டி, 1955இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அக்கிராமத்தில் சிராவணப் பூரணையன்று இரு வேறு சடங்குகள் நிகழ்ந்தமையை அவர் கண்டார். ஒன்று 'சலூனோ'. இதிலே சகோதரிகள் தாம் முளைக்கவைத்த வாற்கோதுமை நாற்றுகளைச் சகோதரரின் தலையிலும் காதிலும் செருகுவர். சகோதரர் சில்லறைக் காசு கொடுப்பர். மற்றையது பிராமணப் புரோகிதர் தம்மை ஆதரிக்கும் வீடுகளுக்குச் சென்று, வடமொழி வாழ்த்துக் கூறி, குடும்பத் தலைவரின் கையில் வண்ணநூல் கட்டிப் பணம் பெறுவது. இவ்விரண்டும் அருகருகே, ஆனால் தனித்தனியாக நிகழ்ந்தன. நகரத் தொடர்பின் விளைவாகச் சில சகோதரிகள் நாற்றை விடுத்துப் புரோகிதரின் நூலைத் தாமே கட்டத் தொடங்கியிருந்தனர் என்றும், தொலைவில் வேலைபார்க்கும் சகோதரருக்குக் கடிதத்துள் வைத்து அனுப்ப நூல் வசதியாக இருந்தது என்றும் மரியற் குறிப்பிடுகின்றார். நாற்றைத் தபாலில் அனுப்பமுடியாதல்லவா? இன்று தொன்மை வாய்ந்ததெனப் போற்றப்படும் வடிவம், பல கிராமங்களைப் பொறுத்தவரையில், நகர்ப்புற வேலைவாய்ப்பும் தபாற் சேவையும் சேர்ந்து உருவாக்கிய ஒன்றாகும்.

மேவாரின் அரசி கர்ணாவதி 1535இல் சித்தூர் முற்றுகையின்போது முகலாயப் பேரரசன் ஹுமாயூனுக்கு ராக்கி அனுப்பிய கதையும் இவ்வகையில் கவனத்துக்குரியது. 1829க்கும் 1832க்கும் இடையில் வெளிவந்த ஜேம்ஸ் டொட்டின் இராஜஸ்தான் வரலாற்று நூலே அதனைப் பரப்பியது. அக்காலப் பாரசீகக் குறிப்புகளில் அச்செய்தி இல்லையென வரலாற்றாசிரியர் காட்டியுள்ளனர். எனினும் பாடப்புத்தகங்கள் அதனை விடவில்லை. அரசியலும் இந்நூலைப் பலவாறு பயன்படுத்தியுள்ளது. வங்கப் பிரிவினை நடைமுறைக்கு வந்த 1905 ஒக்ரோபர் 16 அன்று, தாகூரின் அழைப்பின்பேரில் கல்கத்தா வீதிகளில் இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருவருக்கொருவர் ராக்கி கட்டினர். ராஷ்டிரீய சுவயம்சேவக் சங்கம் தன் ஆறு விழாக்களுள் ஒன்றாக அதே இரட்சாபந்தனத்தை வைத்துள்ளது. அங்கு நூல் கட்டப்படுவது காவிக்கொடிக்கு. ஒரே நூல் இரு வேறு நோக்கங்களுக்கு உதவியமை வியப்புக்குரியதன்று. சடங்குகளின் இயல்பே அத்தகையது.

இனிக் கொடுத்தலின் தன்மைக்கு வருவோம். கொடை என்பது கொடுத்தல், ஏற்றல், திருப்பிக் கொடுத்தல் ஆகிய மூன்று கடப்பாடுகளால் ஆனது என்று 1925இல் வெளிவந்த தம் புகழ்பெற்ற கட்டுரையில் மார்சல் மோஸ் விளக்கினார். ஆனால் இந்தியத் 'தானம்' இவ்விதிக்கு எளிதில் அடங்குவதில்லை. தானம் திரும்பி வரக்கூடாது. வந்தால் அது தானமாகாது. புரோகிதனுக்குக் கொடுப்பது அவ்வாறானது. வட இந்திய உயர்சாதியினரிடையிலும் நிலவுடைமைச் சாதியினரிடையிலும் மணமான சகோதரிக்குக் கொடுப்பதும் அவ்வாறானதே. உத்தரப் பிரதேசத்தின் சகாரன்பூர் மாவட்டத்தில், நிலவுடைமையாளரான குஜ்ஜர்கள் வாழும் பஹன்சு என்னுங் கிராமத்தை ஆராய்ந்த குளோரியா ரஹேஜா, 1988இல் வெளியிட்ட நூலில் இதனை நுணுகி விளக்கியுள்ளார். பிராமணர், நாவிதர், துப்புரவுத் தொழிலாளர், மணமாகிச் சென்ற மகளிரும் சகோதரியரும் ஆகிய அனைவரும் அங்கு தானம் ஏற்போர். கொடுப்பவனின் வீட்டையும் வயலையும் சூழ்ந்த அமங்கலம் கொடையோடு கழிந்து ஏற்பவரிடம் செல்கின்றது என்பது அம்மக்களின் நம்பிக்கை. இந்நோக்கிற் பார்த்தால், புரோகிதனின் நூல் சகோதரியின் கைக்கு மாறியமை தற்செயலானதன்று. இருவரும் நிலவுடைமையாளனின் வாசலில் ஒரே இடத்தில் நிற்பவர்கள்; நலங்கூறி, நூல் கட்டி, கொடுத்ததைப் பெற்றுக்கொண்டு திரும்பவேண்டியவர்கள்.

தமிழிலே 'பங்காளி' என்று ஒரு சொல் உண்டு. பங்குடையவன் பங்காளி, தந்தைவழி ஆண் உறவினனை இச்சொல் சுட்டும். அதற்குப் பெண்பாற் சொல் ஒன்று வழக்கில் இல்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். கொடை பெறுபவள் பங்காளியல்லள் என்பதையே பஹன்சுவின் சடங்குகளும் கூறுகின்றன. பங்குக்கும் பரிசுக்கும் உள்ள வேறுபாடு அளவில் மாத்திரம் இல்லை. பங்கு கேட்டுப் பெறக்கூடியது, பரிசைக் கேட்கமுடியாது. பங்கு ஒரு தடவை பிரிந்தபின் பெற்றவருடையது. பரிசோ ஆண்டுதோறும் கொடுப்பவனின் மனத்தையும் அவன் மனைவியின் முகக்குறிப்பையும் பொறுத்தது.

ஆயினும் ரஹேஜாவின் ஆய்வில் மற்றொரு செய்தியும் உண்டு. அதே மக்கள் அதே பெண்ணைச் சில வேளைகளில் 'பிறத்தியாள்' என்றும், வேறு வேளைகளில் 'எம்மவள்' என்றும் பேசுகின்றனர். அவரும் ஆன் கோல்டும் இணைந்து 1994இல் வெளியிட்ட நூல், உத்தரப் பிரதேசத்திலும் இராஜஸ்தானிலும் பெண்கள் பாடும் பாடல்களை ஆராய்வது. குறைவாகக் கொடுத்த சகோதரனையும், அவனைத் தடுத்த அண்ணியையும், மறந்துவிட்ட பிறந்தகத்தையும் அப்பாடல்கள் கேலியும் வேதனையுமாகச் சாடுகின்றன. சேலையின் விலை அவர்களின் கவலையன்று. பிறந்தகத்தில் தமக்கு இன்னும் இடமுண்டா என்பதை அவர்கள் பரிசினால் அளந்துபார்க்கின்றனர்.

இவ்வளவு கவலைக்குக் காரணம் வட இந்திய மணமுறையாகும். அங்கு பெண்ணைத் தன் ஊருக்குள் மணமுடித்துக் கொடுப்பதில்லை. தாய்வழி, தந்தைவழி நெருங்கிய உறவிலும் கொடுப்பதில்லை. முன்பின் அறியாத ஊருக்கு, அறியாத வீட்டுக்கு அவள் செல்கின்றாள். பெண் 'பராயா தன்', அதாவது பிறர் செல்வம், என்பது அங்கு வழங்கும் தொடர். பெண் கொடுத்தோர் பெண் எடுத்தோரிலும் தாழ்ந்தவர். அவர்கள் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும், எதனையும் ஏற்கலாகாது. மகளைக் கொடுத்த ஊரில் தண்ணீர்கூட அருந்தாத தந்தையரும் தமையன்மாரும் அண்மைக்காலம்வரை இருந்தனர்.

இப்பின்னணியிற் பார்க்கும்போதுதான் பாய் தூஜின் சிறப்புப் புலனாகும். யமன் தன் தங்கை யமுனையின் வீட்டுக்குச் சென்று அவள் இட்ட உணவை உண்டு மகிழ்ந்தான் என்பது அதன் கதை. அந்நாளில் ஆண் தன் வீட்டில் உண்ணாது சகோதரியின் கையால் உண்ணவேண்டும். அவளுக்கு ஆடையணி கொடுக்கவேண்டும் என்று தருமசாத்திரத் தொகுப்புகள் விதிக்கின்றன. ஆண்டு முழுவதும் தடுக்கப்பட்டது அன்று ஒரு நாள் விதிக்கப்படுகின்றது. பெண் அன்று கொடுப்பவளாகின்றாள். அவளது அடுப்பும் கையும் மதிப்புப் பெறுகின்றன. ஆனால் அந்த உணவும் ஈடுசெய்யப்படாமல் விடப்படுவதில்லை. உண்டவன் அதனிலும் மேலாகக் கொடுத்துவிட்டே எழவேண்டும். நேபாளத்தில் சகோதரி தமையனைச் சுற்றி எண்ணெயால் எல்லையிட்டு, வாசலில் அக்குரோட்டுக் கொட்டையை உடைத்து, ஏழு நிறத் திலகமிட்டு, வாடாமல்லி மாலை சூட்டுவாள். யமன் அந்த எல்லையைத் தாண்டமாட்டான் என்பது நம்பிக்கை.

இங்கு ஒன்றைச் சுட்டுதல் தகும். சகோதரன் சகோதரியைக் காப்பதாக வாக்களிக்கும் நாள் என்றே இரட்சாபந்தனம் இன்று விளக்கப்படுகின்றது. சடங்கோ இதற்கு மாறாகவே அமைந்துள்ளது. காப்பு அவன் கையில், கட்டுபவள் அவள். யமனைத் தடுப்பவளும் அவளே. காக்கும் ஆற்றல் பெண்ணிடமும், காக்கப்படவேண்டிய உயிர் ஆணிடமும் இருப்பதாகவே சடங்கு கருதுகின்றது. இதனைத் தலைகீழாக்கிப் பெண்ணைப் பாதுகாப்புக்குரியவளாக ஆக்கியது பிற்கால விளக்கம். பாடப்புத்தகமும் இந்தித் திரைப்படமும் இதிற் கணிசமான பங்கு வகித்தன. 1961இல் வெளிவந்த 'பாசமலர்' அடுத்த ஆண்டே பீம்சிங்கினாலேயே இந்தியில் எடுக்கப்பட்டபோது 'ராக்கி' எனப் பெயர் பெற்றது. தமிழில் மலராக இருந்த பாசம் இந்திக்குப் போனதும் பண்டிகை நூலாகியது. வட இந்தியப் பார்வையாளருக்கு அண்ணன் தங்கை உறவு என்றால் அந்நூலே முதலில் நினைவுக்கு வரும் என்பதைத் தயாரிப்பாளர் நன்கறிந்திருந்தனர் போலும்.

நிலத்துக்கு வருவோம். மனுநூல் பெண்ணின் தனிச்சொத்தாகிய 'ஸ்திரீதனம்' ஆறு வகைப்படும் எனக் கூறுகின்றது. சகோதரன் கொடுத்தது அவற்றுள் ஒன்று. மணமாகாத சகோதரிக்குச் சகோதரர் ஒவ்வொருவரும் தம் பங்கில் காற்பகுதி கொடுக்கவேண்டும் என்றும் அந்நூல் சொல்கின்றது. அது உண்மையான பங்கா, திருமணச் செலவு மாத்திரமா என்று உரைகாரர் பல நூற்றாண்டுகள் வாதிட்டனர். நடைமுறையில் வென்றது இரண்டாவது கருத்தே. மிதாட்சர முறையில் குடும்ப நிலம் பிறப்பினாலேயே ஆண்மக்களுக்கு உரியதாயிற்று. பங்கு வரதட்சணையாயிற்று, வரதட்சணைக்குப் பின் ஆண்டுதோறும் பண்டிகைப் பரிசு.

சுதந்திர இந்தியாவில் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா எதிர்கொண்ட எதிர்ப்பு நன்கறியப்பட்டது. அது கிடப்பிற் போடப்பட்டமையை முன்னிட்டு அம்பேத்கர் 1951இல் அமைச்சர் பதவியைத் துறந்தார். பின்னர் நிறைவேறிய 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளுக்கு உரிமை கொடுத்தது, ஆனால் எவ்வளவு? ஒரு தந்தைக்கு இரு மகன்மாரும் ஒரு மகளும் உள்ளனர், தாய் முன்னரே இறந்துவிட்டார், சொத்து முழுவதும் கூட்டுக்குடும்பச் சொத்து எனக் கொள்வோம். தந்தையும் இரு மகன்மாரும் பிறப்புரிமையால் மும்மூன்றில் ஒரு பங்குடையவர். தந்தை இறந்ததும் அவரது மூன்றில் ஒன்று மாத்திரமே மூவருக்கும் சமமாகப் பிரியும். ஈற்றில் ஒவ்வொரு மகனுக்கும் ஒன்பதில் நான்கு. மகளுக்கு ஒன்பதில் ஒன்று. அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு இன்னும் வெளிப்படையானது. குடும்பம் வாழும் வீட்டைப் பிரிக்கும்படி மகள் கேட்கமுடியாது. ஆண் வாரிசுகள் பிரிக்க முடிவுசெய்யும்வரை காத்திருக்கவேண்டும். அவ்வீட்டில் வசிக்கும் உரிமையோ மணமாகாதவளுக்கும், கணவனாற் கைவிடப்பட்டவளுக்கும், அவனைப் பிரிந்தவளுக்கும், விதவைக்கும் மட்டுமே. அண்ணனின் வீடு துன்பம் வந்தால் மாத்திரம் புகக்கூடிய புகலிடம் என்ற பண்டிகைக் கருத்தைச் சட்டசபையே பிரிவிலக்கமிட்டு எழுதிவைத்தது எனலாம்.

2005 செப்ரெம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இவற்றை நீக்கி, மகளையும் பிறப்பினாற் பங்குடையவளாக்கியது. அத்தேதியில் தந்தை உயிருடன் இருந்திருக்கவேண்டுமா என்று எழுந்த ஐயத்தை, வேண்டியதில்லை எனக் கூறி 2020 ஓகஸ்டில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்த்தது. நேபாளத்தில் 2002இல் மகளுக்குப் பங்கு கொடுத்த திருத்தம், மணமானதும் அதனைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்றது. 2015ஆம் ஆண்டின் அரசியலமைப்பு பாற்பேதமின்றி எல்லாப் பிள்ளைகளுக்கும் மூதாதையர் சொத்திற் சம உரிமையை ஏற்றது.

ஏட்டில் இவ்வளவு மாறியும் நிலம் பெரிதும் கைமாறவில்லை. இந்தியாவின் 2015-16ஆம் ஆண்டு வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி பெண்கள் பெயரில் இருந்த பயிர்ச்செய்கை நிலவுரிமைகள் மொத்தத்தில் ஏறத்தாழ 14 வீதமே. அவற்றிலும் விதவைகளாகப் பெற்றவை கணிசமானவை என்பதை ஊகித்தல் கடினமன்று. இராஜஸ்தானில் 'ஹக் தியாக்', அதாவது உரிமைத் துறப்பு, என்றே ஒரு வழக்கம் உண்டு. தந்தை இறந்ததும் சகோதரிகள் வருவாய் அலுவலகத்துக்கு வந்து தம் பங்கைச் சகோதரருக்கு விட்டுக்கொடுத்துக் கையொப்பமிடுவர். பதிலுக்குச் சேலையோ சிறு தொகையோ பெறுதலும் உண்டு. 2021 ஓகஸ்டில், இரட்சாபந்தனத்தை ஒட்டி, அம்மாநிலத்தின் கோட்டா மாவட்டத்தில் வட்ட வருவாய் அதிகாரி ஒருவர், சகோதரிகள் மூதாதையர் நிலத்தில் தமக்குள்ள பங்கை விருப்புடன் விட்டுக்கொடுத்துப் பண்டிகையை நினைவில் நிற்கச் செய்யவேண்டும் எனப் பத்திரிகைக் குறிப்பு வெளியிட்டமை கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அவர் புதிதாக எதனையும் கூறிவிடவில்லை. நூலுக்கும் நிலத்துக்கும் உள்ள தொடர்பை, பிறர் நாகரிகங் கருதிச் சொல்லாது விட்டதை, அரசாங்கத் தாளில் எழுதினார், அவ்வளவே.

பெண்கள் ஏன் கையொப்பமிடுகின்றனர்? அறியாமை என்று கூறிவிட்டு நகர்தல் படித்தவர்களுக்கு எளிது. பீனா அகர்வால் 1994இல் தெற்காசியப் பெண்களின் நிலவுரிமை பற்றி எழுதிய விரிவான நூல் வேறு விளக்கம் தருகின்றது. கணவன் அடித்தால், கைவிட்டால், இறந்தால் அவளுக்கு இருப்பது சகோதரனின் வாசல். பெற்றோரின் பின் பிறந்தகத்துக்குப் போய்வரும் வழியும் அவனே. பங்கு கேட்டாற் கிடைப்பது சில பிகா நிலம். அதுவும் தொலைவிலுள்ள ஊரில், தானே உழமுடியாத நிலம், வழக்காடிப் பெறவேண்டிய நிலம். இழப்பதோ ஆயுள் முழுவதற்குமான காப்புறுதி. இக்கணக்கை அவள் நன்றாகவே போட்டுப் பார்த்திருக்கின்றாள். அக்காப்புறுதிக்கு அவள் செலுத்திய தவணைப்பணமே விட்டுக்கொடுத்த நிலம். அது செல்லுபடியாகின்றதா என ஆண்டுதோறும் சரிபார்க்கும் நாளே பண்டிகை. நெருக்கடி வரும்போது சகோதரன் உண்மையில் ஏற்றுக்கொள்வானா என்பது வேறு விடயம். ஏற்காத சகோதரரைப் பற்றிய செய்திகளுக்கும் குறைவில்லை.

மணமுறை வேறுபட்ட இடத்தில் இக்கணக்கும் வேறுபடும். தென்னிந்தியாவில் அண்ணனின் மகனுக்குத் தங்கையின் மகளைக் கொடுப்பது முறையான மணம். ஆகவே சகோதரனிடமிருந்து சென்றது அடுத்த தலைமுறையில் திரும்பக்கூடும். பெண்ணுக்கு நிலம் கொடுத்தால் அது அந்நியரிடம் போய்விடும் என்ற அச்சம் அங்கு குறைவு. தமிழகத்தில் பொங்கலுக்கு மறுநாள் கனுப்பிடி வைத்துச் சகோதரர் நலம் வேண்டும் பெண்களும், பிறந்தகத்துப் பொங்கற் சீரை எதிர்பார்த்திருக்கும் பெண்களும் உள்ளனர். ஆனால் அங்கு தாய்மாமன் என்ற உருவத்தில் சகோதரன் அவள் பிள்ளைகளின் ஒவ்வொரு சடங்கிலும் உரிமையோடு நிற்கின்றான். 2005க்கு முன்னரே வாரிசுரிமையைத் திருத்திய மாநிலங்கள் பெரும்பாலும் தெற்கே இருந்தன: கேரளம் 1975இல் கூட்டுக்குடும்ப முறையையே ஒழித்தது, ஆந்திரம் 1986இலும், தமிழ்நாடு 1989இலும், கர்நாடகமும் மகாராஷ்டிரமும் 1994இலும் அதுவரை மணமாகாதிருந்த மகளுக்குப் பிறப்புரிமை வழங்கின. இதற்குத் தனியே மணமுறையைக் காரணமாக்குவது மிகையாகும். அரசியல் இயக்கங்களின் பங்கும் உண்டு. எனினும் தொடர்பைப் புறக்கணிக்கமுடியாது.

எமது யாழ்ப்பாணத்து வழமை இன்னொரு வகையானது. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை, சீதனத்தையும் முதுசத்தையும் தேடியதேட்டத்தையும் பிரித்து வகுத்தது. நிலமும் வீடும் மகளுக்குச் சீதனமாக எழுதப்பட்டன. சீதனம் பெற்றவள் எஞ்சியதில் பங்கு கேட்பதில்லை என்பது அத்தொகுப்பின் நிலை. தெற்காசியப் பெண்களின் உடைமை பற்றி 1973இல் எழுதிய ஸ்ரான்லி தம்பையா, எமது பல்கலைக்கழகத்தில் உருவானவர், சீதனத்தைப் பெண்ணுக்கு முற்கூட்டியே வழங்கப்படும் உடைமை என்ற கோணத்தில் நோக்கினார். அதன் கொடுமைகளை நாம் அறிவோம். தங்கைமாரைக் கரைசேர்த்த பின்பே தன் திருமணத்தை எண்ணும் அண்ணன்மாரையும் அறிவோம். ஆயினும் உறுதி அவள் பெயரில் இருந்தது. ஆண்டுதோறும் அவன் கையைப் பார்த்து உறவை உறுதிப்படுத்தும் பண்டிகையொன்று எம்மிடையே வளராமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என்று கருதுகின்றோம்.

வட இந்தியாவில் 2005ஆம் ஆண்டுச் சட்டம் எட்டாத இடம் காப்புறுதியே. கைவிடப்பட்ட பெண்ணுக்குத் தங்குமிடமும், விதவைக்கு வாழப்போதிய உதவிப்பணமும், மணமான பெண்ணுக்குத் தன் கையில் ஒரு கூலியும் சகோதரனின் தயவின்றிக் கிடைக்குமாயின், வருவாய் அலுவலகத்தில் அவள் முன் வைக்கப்படும் துறப்புப் பத்திரத்தில் கையொப்பமிட வேண்டிய நெருக்கடி தளரும். அப்பொழுதும் அவள் நூல் கட்டுவாள். பங்கைப் பெற்றுக்கொண்டே கட்டுவாள்.